எட்டாம் மாதக் குழந்தையும் தள்ளிப்போன கண் பரிசோதனையும்

கொங்குப் பகுதியிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்த சில வாரங்களில் தலைவலி, பார்வை மங்கல். பித்தம் என்று வீட்டில் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் 170/110, சிறுநீரில் புரதம். இரண்டு நாள் ஊசி மருந்துகளுக்குப் பிறகு, 31 வாரம் நிறைந்த நிலையில் அறுவை சிகிச்சை. ஆண் குழந்தை, 1,280 கிராம். நுரையீரலுக்கு ஒருமுறை மருந்து, சில நாள் மூச்சுக் கருவி, தலை ஸ்கேனில் ‘முதல் நிலை ரத்தக் கசிவு’ என்றொரு வரி. 36-ஆம் நாள் 1,750 கிராமில் வீடு திரும்பியிருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று குழந்தைக்கு 52 நாள், எடை 2,150 கிராம்.

கேள்விகள் பல. வளைகாப்புக்காகத் தாய்வீட்டுக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனதும் பப்பாளி சாப்பிட்டதும் காரணமா? மருத்துவர்கள் அவசரப்பட்டு வயிற்றைக் கிழித்துவிட்டார்களா? ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று மாமியார் சொல்வது உண்மையா? தடுப்பூசியை எந்தத் தேதிக் கணக்கில் போடுவது? விடுப்பு போதவில்லையே, என்ன செய்வது? இனி இன்னொரு குழந்தை வேண்டாமா? கடைசியில் போகிற போக்கில் இரண்டு செய்திகள்: கண் மருத்துவரிடம் மறுபடி போகச் சொன்ன தேதி தாண்டிப் பத்து நாளாகிறது; மருத்துவமனையில் கொடுத்த பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய்விட்டது, பிறகு வாங்கவில்லை.

அந்த இரண்டும் இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடியவை அல்ல. எனவே கடிதம் கிடைத்த அன்றே அவருக்குச் சுருக்கமாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுப் பதிலும் இங்கே.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கேள்வியாகவே கேட்காமல் விட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

கண் பரிசோதனைக்கு நாளைக்கே போங்கள்

பையன் விளக்கைப் பார்க்கிறான், கண்ணில் சிவப்பில்லை, பீளையில்லை, அதனால் அவசரமில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறீர்கள். நான் பார்த்த எத்தனையோ பெற்றோர் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கருவிழி பளிச்சென்று இருக்கும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். வெளியே தெரியும்படி கண்மணி வெளுத்துத் தோன்றும்போது பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் நான்காம் மாத வாக்கில் கண் நரம்பின் அருகே முளைத்து, பந்தலில் கொடி படர்வதுபோல ஓரத்தை நோக்கிப் படர்கின்றன. மூக்குப்பக்க ஓரத்தை ஏறத்தாழ 36 வாரத்திலும் காதுப்பக்க ஓரத்தை 40 வாரத்திலும்தான் எட்டுகின்றன. உங்கள் மகன் 31 வாரத்தில் பிறந்தபோது அந்தக் கொடி பாதிப் பந்தலில் நின்றிருந்தது. கருப்பையில் இருப்பதைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். மூச்சுக் கருவியில் இன்னும் அதிகம். அதனால் வளர்ச்சி தடைபட்டு, பிறகு தாறுமாறாகக் கிளைக்கத் தொடங்கினால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். 1950-இல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இந்த நோயால்தான்.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை ஒரு குழந்தை எட்டிவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் அல்லது ஊசி மருந்து கொடுத்தாக வேண்டும். அவகாசம் அவ்வளவுதான். அதனால்தான் நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு முதல் 30 நாளுக்குள் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு 28-ஆம் நாள் பார்த்திருக்கிறார்கள். சீட்டில் இருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘நோய் இல்லை. குழாய்கள் முழுமையடையவில்லை. இரண்டு வாரத்தில் மீண்டும்.’ வீட்டில் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டும்.

1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டார்கள். உங்களுக்குச் சொல்லி, தேதியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பரிசோதனையைப் பற்றிப் பயம் வேண்டாம். கண்மணி விரியச் சில முறை சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு சில நிமிடங்கள் இமையைத் திறந்துவைத்துப் பார்ப்பார்கள். பையன் அழுவான், உங்களுக்கும் அழுகை வரும். இரண்டும் சீக்கிரம் அடங்கிவிடும். குழாய்கள் ஓரத்தை எட்டிவிட்டன, இனி வர வேண்டாம் என்று கண் மருத்துவர் எழுதித் தரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் ரத்த அழுத்தம் எங்கே?

கடிதத்தில் குழந்தையின் எடை ஐந்து இடங்களில் வருகிறது. உங்கள் ரத்த அழுத்தம் பிரசவத்துக்கு முந்தைய நாளோடு நின்றுவிட்டது. உங்களுக்கு வந்தது பிரீஎக்ளாம்ப்சியா, அதாவது ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் கலக்கும் கர்ப்பகால நோய். குழந்தை பிறந்துவிட்டால் இந்த நோய் போய்விடும் என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அடங்கும், ஆனால் மறுநாளே அல்ல. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அழுத்தம் எகிறலாம், வலிப்பும் வரலாம். சிலருக்கு நிரந்தர ரத்த அழுத்தமாகவே நின்றுவிடும். மாத்திரை தீர்ந்த பிறகு ஒருமுறைகூட நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

நாளை கண் மருத்துவமனைக்குப் போகும்போதே அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். அதிகம் இருந்தால் பால் கொடுப்பதை நினைத்து மாத்திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. லேபிட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றைப் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அழுத்தம் சரியாக இருந்தாலும் மூன்று மாதம் முடியும்போது ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நாற்பது வயதில் எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தப் பிரசவத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

பஸ், பப்பாளி, அவசர அறுவை சிகிச்சை

நஞ்சுக்கொடி கருப்பையில் வேரூன்றும்போது தாயின் ரத்தக் குழாய்கள் அகலமாக வேண்டும். அது சரியாக நடக்காததில்தான் உங்கள் நோயின் தொடக்கம் இருக்கிறது. அது கர்ப்பத்தின் முதல் பாதியில் நடக்கிற காரியம். நீங்கள் பஸ் ஏறிய நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே விதை விழுந்துவிட்டது. பழுத்த பப்பாளியை உணவாகச் சாப்பிட்டதால் குறைப்பிரசவம் ஆகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பால் வடியும் பச்சைக் காயைத் தவிர்க்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ‘படுத்தே இருந்திருந்தால்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று எந்த ஆய்விலும் உறுதிப்படவில்லை.

அந்த நான்கு நாள் தலைவலியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைக் குற்றம் சொல்ல அல்ல, இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்காக. கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். ஆனால் விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது அல்லது மங்கல், மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று உப்புவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயம் போடும் முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிட வேலை.

மருத்துவர்கள் அவசரப்பட்டார்களா? பிரசவ மருத்துவரான என் தோழியிடமும் உங்கள் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். இருவருக்கும் ஒரே கருத்து. இந்த நோய்க்கு ஒரே தீர்வு நஞ்சுக்கொடியை வெளியே எடுப்பதுதான். 170/110-இல் பார்வையும் மங்கிய பெண்ணை இன்னும் இரண்டு வாரம் வைத்திருப்பது உங்கள் உயிரோடு ஆடும் சூதாட்டம். அப்படியும் இரண்டு நாள் தள்ளியிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போட்டார்கள் அல்லவா? அவை குழந்தையின் நுரையீரலைப் பழுக்கவைப்பவை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய வழக்கம் அது. உங்களுக்கு உடம்பெல்லாம் தீயாக எரிந்தது என்று எழுதியிருக்கும் இன்னோர் ஊசி மெக்னீசியம் சல்பேட். அது உங்களுக்கு வலிப்பு வராமல் தடுத்தது. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளைக்கும் அது ஒரு காப்பு.

எட்டாம் மாதம்

உங்கள் மாமியார் தனியாக இல்லை. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் எட்டு மாதச் சிசு பிழைக்காது என்று விளக்கவே ஒரு நூல் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் நிலையாக இருக்காது என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய நம்பிக்கை. ஆனால் தவறு. கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல். (கல்யாணமான ஏழாம் மாதத்தில் கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைகளும் அந்தக் காலக் கணக்கில் சேர்ந்துகொண்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.)

1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். 34 வாரம் கடந்த குழந்தை, எடை 2 கிலோவுக்கும் மேல். நம் கணக்கில் ஒன்பதாம் மாதம். நுரையீரல் விரியாமல் இரண்டு நாளுக்குள் இறந்துபோனான். நாட்டின் அதிபராக இருந்தும் அன்றைக்குக் கொடுக்க மருந்து இல்லை. உங்கள் மகன் அவனைவிட மூன்று வாரம் முன்பாக, 800 கிராம் குறைவாகப் பிறந்தான். அதே நுரையீரல் கோளாறுக்கு உரிய மருந்தைக் குழாய் வழியாகப் பெற்று, இன்று உங்கள் மடியில் இருக்கிறான். மாமியாரிடம் இதைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் எது சரி, எது வேண்டாம்

பால் போதவில்லை என்று வருந்துகிறீர்கள். 16 நாளில் 400 கிராம் ஏறியிருக்கிறான். நாளொன்றுக்கு 25 கிராம். பால் போதாத குழந்தைக்கு இந்த எடை ஏறாது. பால் பவுடர் டப்பாவை வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டுகளை மட்டும் விடாமல் கொடுங்கள். பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில்) ஊட்டுவதை மருத்துவர்கள் திட்டுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். திட்ட மாட்டோம். நேராகக் குடித்துக் களைத்துப்போகும் சின்னக் குழந்தைக்குப் பால் புட்டியைவிடப் பாலாடை நல்லது. அந்தச் சொல்லே மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கில மருத்துவ இதழ்களுக்குள் நுழைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும், அவ்வளவே.

குழந்தையை வெற்று மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். திரும்பத் தொடங்குங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை அது. பிறகு அது இன்குபேட்டருக்கு மாற்று என்ற நிலையையும் தாண்டிவிட்டது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு வைத்ததால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. குல்லாய், காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, வெற்று மார்பில் நிமிர்த்தி, தவளைபோலக் கால் மடக்கி வையுங்கள். மூக்கு அழுந்தாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். நாளுக்கு எட்டு மணி நேரமாவது. உங்கள் கணவர் பயந்து தூக்குவதே இல்லை என்கிறீர்கள். அவர் மார்பும் இதே வேலையைச் செய்யும். குழந்தை இரண்டரைக் கிலோ தாண்டித் திமிறத் தொடங்கும்போது நிறுத்தலாம்.

உரை மருந்து வேண்டாம். வசம்பில் உள்ள ஒரு வேதிப்பொருள் நஞ்சு. உரைக்கும் கல்லில் இருந்தும் தண்ணீரில் இருந்தும் கிருமி போகும். மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறிய குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகையும் தொக்கம் எடுப்பதும் கூடவே கூடாது. மென்மையாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதில் மட்டும் நான் உங்கள் மாமியார் கட்சி. எடை கூட அது உதவுகிறது. குளியலை இரண்டரைக் கிலோ வரை தள்ளிவைத்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று மாதம் வெளியே எடுக்கக் கூடாது, வருகிறவர்கள் எல்லாம் தூக்கக் கூடாது என்று அவர் சொல்வதும் நல்ல புத்திதான். மருத்துவமனைக்கு மட்டும் அதில் விலக்கு.

பால் குடிக்க மறுத்தால், நெஞ்சுக்குழி உள்ளிழுத்தால், உடல் சில்லிட்டால், உதடு நீலமானால், மூச்சு இடையில் நின்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வயதுக் கணக்கும் அந்த ஸ்கேனும்

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. ஆறு வாரத்து ஊசிகளும் சொட்டு மருந்தும் உங்கள் மகனுக்குத் தாமதமாகிவிட்டன. இந்த வாரமே போட்டுவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தொற்று ஆபத்து அதிகம் என்பதால் தள்ளிப்போட நியாயமே இல்லை. வளர்ச்சிக்கு மட்டும் வேறு கணக்கு. ஒன்பது வாரம் முன்னதாகப் பிறந்தவன் என்பதால் அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை நான்கு மாதத்தில் தலை நிமிர்ந்தால் இவன் ஆறு மாதத்தில் நிமிர்வான். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு.

முதல் நிலை ரத்தக் கசிவு என்பது மிக லேசான வகை. மூளைக்குள் ரத்தம் பரவியது என்று நினைத்துத் தூங்காமல் இருக்கிறீர்கள். 32 வாரத்துக்கு முன் பிறப்பவர்களிடம் இது அடிக்கடி காண்பது, பெரும்பாலும் சுவடில்லாமல் கரைந்துவிடும். 40 வாரத்தை ஒட்டி இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், காது கேட்கும் திறனையும் அப்போதே பரிசோதித்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பதிவு செய்தால் வளர்ச்சியைக் கட்டணமின்றித் தொடர்ந்து கவனிப்பார்கள்.

வேலையும் அடுத்த குழந்தையும்

சட்டம் என் துறை அல்ல. ஆனால் இந்தச் சான்றிதழை எழுதி எழுதி எனக்கு மனப்பாடம். உங்கள் நிறுவனம் சொல்வதுபோல 26 வாரத்தோடு முடியவில்லை. குறைப்பிரசவத்தால் ஏற்படும் உடல்நலக் குறைவுக்கு, மருத்துவச் சான்றோடு மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு கேட்கும் உரிமையை 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டமே தந்தது. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-இல் இருந்தால் அந்த வழியாக இதே பலன். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவதும் சட்டவிரோதம். வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு குழந்தை வேண்டாம் என்று இப்போதே சபதம் எடுக்காதீர்கள். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய நேர்ந்தவர்களில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு இந்த நோய் திரும்பலாம். மற்றவர்களுக்கு வருவதில்லை. ஒன்றரை, இரண்டு வருட இடைவெளி விடுங்கள். அடுத்த முறை மூன்றாம் மாதம் முடிவதற்குள் பிரசவ மருத்துவரைப் பார்த்து, இந்தச் சீட்டைக் காட்டி, குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள். 2017-இல் வந்த பெரிய ஆய்வில் இரவில் 150 மில்லிகிராம் எடுத்த, ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு, குறைமாதத்தில் வரும் இந்த நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

நாளைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை: டிஸ்சார்ஜ் சீட்டு, கண் மருத்துவர் எழுதிய தாள், தடுப்பூசி அட்டை, நீங்கள் சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டை. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்துவிடுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரியும்வரை நேரமிருக்கும். அதற்குள் நீங்கள் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வர, பிள்ளையை மடியில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.